ஒரு டிஎம்சியும் எட்டாயிரம் கன அடியும்: 2024 ஜூலையின் காவிரிக் கணக்கு

2024 ஜூலை 11 அன்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கூடியது. மறுநாள் தொடங்கி மாதக் கடைசி வரை, மாநில எல்லையில் காவிரியை அளக்கிற இடமான பிலிகுண்டுலுவில் தினமும் 1 டிஎம்சி தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று கர்நாடகத்துக்குச் சொன்னது. 14-ஆம் தேதி பெங்களூருவில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. அது முடிந்ததும் கர்நாடகத்தின் பதில் வந்தது: வினாடிக்கு 8,000 கன அடி திறக்கிறோம்.

அன்று இரவு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாமா போன் செய்தார். ஒரு வேலி நிலம் வைத்திருக்கிறார், வெண்ணாற்றுப் பாசனம். அந்த வருடம் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கவில்லை, குறுவைக்கு உழுதுபோட்ட நிலம் காய்ந்து கிடந்தது.

"மாப்ள, ஒண்ணு கேட்டதுக்கு எட்டாயிரம் தர்றேங்கிறாங்களே, அது கூடவா கொறச்சலா? டிவில ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

நான் ஓட்டமானி பொருத்துகிற வேலையில் இருப்பவன். குழாயிலும் வாய்க்காலிலும் போகிற தண்ணீரை அளப்பதுதான் தினசரிப் பிழைப்பு. அதனால் குடும்பத்தில் தண்ணீர்க் கேள்வி எல்லாம் என்னிடம் வரும். மாமா கேட்டது அந்த வாரம் நான் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி. கேட்டவர் கொள்ளளவில் கேட்டிருக்கிறார், கொடுப்பவர் ஓட்டத்தில் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று நான் பார்த்த பல செய்திகள் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டன.

"ஒரு நாளைக்கு எத்தனை வினாடி மாமா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பக்கத்தில் ஏதோ காகிதத்தில் எழுதுகிறார் என்று தெரிந்தது. அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600, அதை இருபத்து நான்கால் பெருக்கினால் 86,400.

"அதை எட்டாயிரத்தால பெருக்குங்க."

69 கோடியே 12 லட்சம் கன அடி. டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி கன அடி.

"அப்ப முப்பத்தோரு கோடி கொறையுதே!"

சரியாகச் சொன்னால் 30 கோடியே 88 லட்சம். 0.6912 டிஎம்சி வரும், 0.3088 வராது. ஜூலை 12 முதல் 31 வரை 20 நாளும் இப்படியே போயிருந்தால், 20 டிஎம்சிக்குப் பதில் 13.82 கிடைத்திருக்கும். பற்றாக்குறை 6.18 டிஎம்சி. யார் பக்கம் நியாயம், எந்த அணையில் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தது. அது மாமாவின் காகிதத்தில் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

ஏன் ஒரு டிஎம்சி?

அந்த "தினமும் 1 டிஎம்சி" எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னொரு கணக்கு பின்னால் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று கொடுத்த இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி என்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த 177.25 மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று போய், பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5.

ஜூலையின் 31.24-ஐ 31 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், நாளுக்கு 1.008 டிஎம்சி. ஆக "தினமும் ஒரு டிஎம்சி" என்பது அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் ஜூலைப் பங்கின் நாள் கூலி மாதிரி. ஓட்டமாக மாற்றினால் வினாடிக்கு 11,664 கன அடி. மெட்ரிக்கில் 330 கன மீட்டர்.

பிப்ரவரிக்கு வந்தால் ஒரு வேடிக்கையான நெளிவு தெரியும். மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் பங்கு ஒன்றுதான், 2.5 டிஎம்சி. ஆனால் பிப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 31. அதே 2.5-ஐத் தர பிப்ரவரியில் வினாடிக்கு 1,033 கன அடி விட வேண்டும், மார்ச்சில் 933 போதும். நூறு கன அடி வித்தியாசம், தண்ணீர் ஒரு சொட்டு கூடவில்லை, காலண்டர் மட்டும் மாறியிருக்கிறது. கொள்ளளவை ஓட்டமாக்கும்போது எத்தனை நாள் என்று கேட்காமல் ஒரு எண்ணையும் நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

28.3 பிரச்சினை இல்லை

அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றுவதுதான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது இருப்பதிலேயே சுலபமான பகுதி. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து ஒரு அடி என்பது 0.3048 மீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று முடிவு செய்தன. அதை மும்முறை பெருக்கினால் ஒரு கன அடி 28.3168 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேனில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் ஒரு கன அடி. எட்டாயிரம் கன அடி என்று படிக்கும்போது ஒவ்வொரு வினாடியும் பதினோராயிரத்துச் சொச்சம் கேன் தண்ணீர் கண்முன் உருண்டு போவதாக நினைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஆங்கில அளவைக்கு என்று தனி வினாடி கிடையாது. அடியும் மீட்டரும் சண்டை போட்டாலும் வினாடி இரு பக்கத்துக்கும் பொது. அதனால் கொள்ளளவுக்கு எந்த எண்ணோ ஓட்டத்துக்கும் அதே எண்தான். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் வினாடிக்கு 28.3 லிட்டர். ஒரு டிஎம்சி என்றால் 28.3 மில்லியன் கன மீட்டர். வினாடிக்கு ஒரு கன மீட்டர் வேண்டுமானால் 35.3 கன அடி. இந்த 28.3, 35.3 இரண்டையும் மனதில் வைத்தால் காவிரிச் செய்தி முழுவதையும் மெட்ரிக்கில் படிக்கலாம். எட்டாயிரம் கன அடி 226.5 கன மீட்டர். நாளுக்கு ஒரு டிஎம்சி என்பது வினாடிக்கு 327.7 கன மீட்டர்.

தப்பு நடப்பது இங்கே இல்லை, நேரத்தில். இதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன ஊரின் நீரேற்று நிலையத்துக்குப் புது பம்ப் வாங்கப் பட்டியல் போட்டார்கள். பழைய பதிவேட்டில் 'ஓட்டம்' என்று ஒரு கட்டம், அதில் வரிசையாக 102, 101, 102. அலகு எழுதவில்லை. புதிதாக வந்தவர் அதை வினாடிக்கு லிட்டர் என்று எடுத்துக்கொண்டு பம்ப் அளவைக் குறித்துவிட்டார். நான் போய் மீட்டரின் முகப்பைத் துடைத்துப் பார்த்தேன். தூசிக்குக் கீழே மணிக்குக் கன மீட்டர் என்று இருந்தது. மணிக்கு 102 கன மீட்டர் என்றால் வினாடிக்கு 28.3 லிட்டர், சரியாக ஒரு கன அடி. பட்டியலில் போட்டிருந்தது அதைப்போல் 3.6 மடங்கு. நல்லவேளை ஆர்டர் போகவில்லை. போயிருந்தால் அந்தத் தொட்டி தாங்கியிருக்காது, அந்த ஊர் கரண்ட் பில்லும் தாங்கியிருக்காது. அங்கே மெட்ரிக்கிலிருந்து மெட்ரிக்குக்குத்தான் மாற்றினார்கள். அடி எங்கேயும் இல்லை. மணியும் வினாடியும்தான் இடம் மாறின.

நாளொன்றுக்கு 15,000 கன அடி

இதே வியாதி பெரிய அளவில் வந்தது 2016 செப்டம்பரில். 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தைப் பத்து நாளைக்கு 15,000 கன அடி திறக்கச் சொன்னது, 12-ஆம் தேதி அது 12,000 ஆனது. அந்த வாரங்களில் எங்கே பார்த்தாலும் 'நாளொன்றுக்கு 15,000 கன அடி' என்றே எழுதினார்கள், பேசினார்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான் ஓடியது. இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தச் சொற்களை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு நாள் முழுக்க 15,000 கன அடி என்றால் 4 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி முப்பத்தைந்து வந்தால் தீர்ந்தது. இரண்டு மாநிலம் முப்பத்தைந்து லாரித் தண்ணீருக்கா கோர்ட்டுக்குப் போகும்? உண்மையில் சொல்ல வந்தது வினாடிக்கு 15,000, அது நாள் முழுக்க ஓட வேண்டும் என்பது. அப்படியானால் ஒரு நாளைக்கு 3,670 கோடி லிட்டர். இரண்டுக்கும் நடுவில் 86,400 மடங்கு.

தெரிந்தவர்களுக்கு இது குழப்பமே இல்லை, 'கன அடி' என்றாலே வினாடிக்குத்தான் என்று அவர்கள் காதில் விழுந்துவிடும். ஆனால் செய்தி தெரிந்தவர்களுக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. தமிழில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 'மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி நீர் வரத்து' என்று நாளிதழ்கள் எத்தனையோ வருடமாக எழுதி வருகின்றன. ஆங்கிலத்தில் கியூசெக் என்ற சொல்லுக்குள் வினாடி ஒளிந்துகொள்கிறது. தமிழில் 'வினாடிக்கு' என்று தனியாக நிற்கிறது. இந்த விஷயத்தில் நம் பழைய வாக்கியம்தான் தெளிவானது. அதை விட்டுவிட்டு 'தினமும் 8,000 கன அடி' என்று சுருக்குகிறபோது கையில் இருந்த நல்லதைத் தொலைக்கிறோம்.

சரி, அந்த 2016 உத்தரவு மொத்தமாக எவ்வளவு? வினாடிக்கு 15,000, பத்து நாள்: 12.96 டிஎம்சி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

தள்ளிவிட்ட 74

2024 ஜூலைச் செய்திகளில் பல, 1 டிஎம்சி என்று எழுதிப் பக்கத்தில் '11,500 கன அடி' என்று போட்டிருந்தன. உண்மையான எண் 11,574. நூறு கோடியை 86,400-ஆல் வகுத்தால் வருவது. காவிரி விவகாரத்தில் ஊறியவர்களுக்கு இந்த 11,574 மனப்பாடம். படிக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று 74-ஐத் தள்ளிவிட்டார்கள். பதினோராயிரத்தில் 74 என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் முதலில் கடந்து போனேன்.

அப்புறம் அந்த 74-ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வீராணம்!

வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கொள்ளிடத்தில் வந்து, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து குழாய். சென்னைக் குடிநீர் வாரியம் இதை ஒரு நாளைக்கு 180 மில்லியன் லிட்டர் என்று சொல்லும், அவர்கள் மொழி எம்எல்டி. ஏரியைப் பார்த்துக்கொள்கிற நீர்வளத் துறை அதையே வினாடிக்கு 73, 74 கன அடி என்று சொல்லும். மாற்றிப் பாருங்கள்: 180 மில்லியன் லிட்டரை 86,400-ஆல் வகுத்தால் வினாடிக்கு 2,083 லிட்டர். அதை 28.3168-ஆல் வகுத்தால் 73.6.

காவிரிக் கணக்கில் வசதிக்காகத் தள்ளிவிட்ட 74 கன அடி, வீராணத்திலிருந்து சென்னைக்கு முழுக் கொள்ளளவில் போகிற மொத்தத் தண்ணீர். இருபது நாளைக்குச் சேர்த்தால் 362 கோடி லிட்டர்.

இதைக் கண்டுபிடித்தபோது மாமாவுக்கே போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதுறவங்க வீட்டுல பைப்புல தண்ணி வரலேன்னா தெரியும்" என்றார்.

ஆனால் இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆற்றில் தண்ணீரை அளப்பது அவ்வளவு துல்லியமான காரியம் இல்லை. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, அங்கங்கே வேகமானியை இறக்கி, நீரின் வேகத்தை எடுத்து, ஒவ்வொரு துண்டின் பரப்பால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். ஒரே ஓர் இடத்தில் வேகம் எடுப்பதாக இருந்தால் மேல்மட்டத்திலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே வைப்பார்கள், சராசரி வேகம் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும். இப்படிப் பல முறை எடுத்த அளவுகளிலிருந்து நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரு வரைகோடு போட்டு வைத்திருப்பார்கள். பிறகு தினமும் அளவுகோலில் மட்டத்தைப் படித்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். கவனமாகச் செய்தாலும் நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே போகும். எட்டாயிரத்துக்கு ஐந்து விழுக்காடு என்றால் 400. அப்படி இருக்க 74-க்கு என்ன மதிப்பு?

என் பதில் இது. அளவீட்டில் வரும் பிழை இரண்டு பக்கமும் ஆடும், இன்றைக்குக் கூட, நாளைக்குக் குறைய. மாற்றும்போது நாமே வெட்டிய 74 எப்போதும் ஒரே பக்கம் சாயும், தினமும் சேரும். ஆற்றின் பிழையை நம்மால் முழுக்கத் திருத்த முடியாது. பெருக்கல் பிழையைத் திருத்தலாம், காசு செலவில்லை. அதே சமயம் எதிர்த் திசையில் போவதும் தப்புதான்: 8,000 கன அடியை மாற்றி '226.535 கன மீட்டர்' என்று எழுதினால், ஆறே சொல்லாத மூன்று இலக்கத்தை நாம் சொந்தமாகச் சேர்க்கிறோம். சட்டமாக வரையறுத்த எண் என்றால் முழுசாக எழுத வேண்டும், ஆற்றிலிருந்து வந்த எண் என்றால் ஆறு தாங்குகிற அளவுக்கு எழுத வேண்டும். ஒரு டிஎம்சி முதல் வகை. எட்டாயிரம் இரண்டாம் வகை.

மீட்டரில் பிறந்து அடிக்கு மாறி

பிலிகுண்டுலுவில் அளப்பவர்கள் மீட்டரில் அளக்கிறார்கள். அங்கே ஓட்டம் பிறப்பதே வினாடிக்குக் கன மீட்டராகத்தான். செய்தியாக வெளியே வருவதற்குள் கன அடியாக மாறிவிடுகிறது. அதே தண்ணீர் ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்கு வரும்போது நிலைமை தலைகீழ். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை அது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. எந்த அடிக்கு எத்தனை மில்லியன் கன அடி என்ற அட்டவணைதான் அணையின் உயிர்நாடி. இப்படிப்பட்ட பெரிய அணைகளில் வரத்தைக் கணக்கிடும் வழக்கமான முறை, நேற்றைய மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் கொள்ளளவில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, வெளியே விட்டதைக் கூட்டுவது. அங்கே எண் பிறப்பதே கன அடியில்.

இந்தியாவில் மெட்ரிக் சட்டம் 1956-இல் வந்தது. காய்கறிக் கடை, துணிக்கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் எப்போதோ மாறிவிட்டன. ஆறு மாறவில்லை. அதற்குச் சோம்பல் காரணம் இல்லை. மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட 1892, 1924 ஒப்பந்தங்களின் காலத்திலிருந்தே காவிரியின் வழக்கும் வாதமும் அணையின் அட்டவணைகளும் அடியில்தான் பேசுகின்றன. கண்ணம்பாடி (கிருஷ்ணராஜசாகர்) அணையின் கொள்ளளவை 1924 ஒப்பந்தம் 44,827 மில்லியன் கன அடி என்று எழுதியது. அதை 1,269 மில்லியன் கன மீட்டர் என்று மாற்றி எழுதினால் நீதிமன்றத்தில் அடுத்த கேள்வி 'இந்த எண் எங்கே இருக்கிறது?' என்பதாகத்தான் இருக்கும். சண்டை உள்ள இடத்தில் பழைய எண்ணைத் தொடாமல் விடுவது புத்திசாலித்தனம். டிஎம்சியை ஒழிக்க வேண்டும் என்று சொல்கிற என் சக பொறியாளர்களோடு நான் இந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை.

அடிக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் ஓடினால் 86,400 கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டு. அதாவது ஒரு கன அடி ஒரு நாள் ஓடினால் ஒரு ஏக்கரில் இரண்டடித் தண்ணீர் நிற்கும். ஆங்கில அளவைகளில் இவ்வளவு அழகாகத் தற்செயலாக வந்து விழும் எண் அபூர்வம். பாசனக்காரர்கள் இதை விட மாட்டார்கள். மெட்ரிக்கில் அதே கணக்கு, ஒரு ஹெக்டேரில் 245 மில்லிமீட்டர். சரியானதுதான், ஆனால் வரப்பில் நின்று மனதில் போட வராது.

மாமாவுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவருடைய ஒரு வேலி 6.67 ஏக்கர். வினாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க அந்த ஒரு வேலிக்கு மட்டும் பாய்ந்தால், வழியில் சொட்டும் இழக்காமல் வந்தால், மூன்றரை அங்குலம் நிற்கும். அவர் சொன்னார்: "கணுக்கால் தண்ணி. நடவுக்குப் போதும்." இப்படிப் பார்க்கிறபோது ஒரு டிஎம்சி என்பது கிட்டத்தட்ட 1 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கரில் இரண்டு அங்குலம். வராமல் போன 0.3088 டிஎம்சி, நாளுக்கு நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரின் இரண்டு அங்குலம். ஆற்றிலும் வாய்க்காலிலும் மண் குடிப்பது போக வயலுக்கு வருவது இதைவிடக் குறைவு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பம்ப் வாங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆற்றில் அடியும் மீட்டரும் மட்டும்தான், மோட்டார் கடையில் மூன்றாவதாக கேலன் வந்து உட்கார்ந்திருக்கும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. வினாடிக்கு ஒரு கன அடி என்பது நிமிடத்துக்கு 374 பிரிட்டிஷ் கேலன், அதுவே 449 அமெரிக்க கேலன். பழைய பம்பின் தகட்டில் இருப்பது ஒன்று, புதுப் பட்டியலில் இருப்பது மற்றது என்றால் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் காணாமல் போகும். கேலனில் எழுதியிருந்தால் எந்த ஊர் கேலன் என்று கேட்டு, லிட்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலைக் கடைசி

தினமும் ஒரு டிஎம்சியா எட்டாயிரம் கன அடியா என்ற சண்டை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடகிலும் வயநாட்டிலும் பெய்த பெய்யில் கர்நாடக அணைகள் நிரம்பி, உபரி நீர் கீழே வந்தது. மேட்டூருக்கு வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஜூலை 28-இல் டெல்டாவுக்கு அணை திறந்தார்கள். 30-ஆம் தேதி மாலை மட்டம் 120 அடியைத் தொட்டது.

ஒரு லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு 2,832 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். கரையில் நிற்கிறவர் ஒரு முறை மூச்சு விடுவதற்குள் எட்டாயிரம் டன்னுக்கு மேல் அவரைக் கடந்து போய்விடும். வெள்ள எச்சரிக்கையில் இந்த டன் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் ஆற்றில் இறங்கிக் குளிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி ஒரே ஒரு நாள் வந்தால் எவ்வளவு தெரியுமா? 12.96 டிஎம்சி. 2016-இல் பத்து நாளுக்கு உத்தரவு போட்டு, இரண்டு மாநிலமும் கொதித்துக் கிடந்தது இதே அளவுக்குத்தான். ஆறு கொடுக்க நினைத்தால் ஒரு நாளில் கொடுத்துவிடும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாமா மறுபடி கூப்பிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை போனது போனதுதான், சம்பாவுக்கு விதை விடப் போகிறேன் என்றார். பேச்சோடு பேச்சாக, "ஆகஸ்ட்டுக்கு 45.95-ன்னு சொன்னியே, நானே போட்டுப் பாத்தேன். முப்பத்தோரு நாளுக்கு வகுத்து, வினாடிக்கு 17,156 வருது. சரியா?"

கால்குலேட்டரை எடுத்துப் போட்டேன். 17,155.8.

"சரிதான் மாமா" என்றேன்.

"செப்டம்பருக்கு முப்பதால வகுக்கணும், ஞாபகம் இருக்கு" என்று சொல்லி போனை வைத்தார்.